முந்திரிகையும் கம்பளித் துணியும்: டூரோப் பள்ளத்தாக்கின் வைன் வரலாறு

பொருளியலின் தொடக்கப் பாடங்களைக் கற்கும் மாணவர் எவரும் டேவிட் றிக்காடோ தந்த உதாரணமொன்றைச் சந்திக்காது அப்பாற் செல்வதில்லை. 1817 ஆம் ஆண்டில் வெளிவந்த தமது நூலில், வெளிநாட்டு வர்த்தகம் பற்றிய அத்தியாயத்தில், இங்கிலாந்தையும் போர்த்துக்கலையும் அவர் ஒப்பிடுகின்றார். இங்கிலாந்தில் ஒரு குறித்த அளவு துணியை ஆக்குவதற்கு 100 பேரின் ஓராண்டு உழைப்பும், அதற்கு ஈடாகும் வைனை ஆக்குவதற்கு 120 பேரின் உழைப்பும் வேண்டும். போர்த்துக்கலிலோ வைனுக்கு 80 பேரும் துணிக்கு 90 பேரும் போதும். இரண்டையும் போர்த்துக்கல்லே குறைந்த உழைப்பில் ஆக்க வல்லதாயினும், அது வைனில் மாத்திரம் ஈடுபட்டுத் துணியை இங்கிலாந்திடமிருந்து பெறுமாயின் இரு நாடுகளும் நன்மையடையும் என்பது றிக்காடோவின் முடிபு. ஒப்பீட்டுச் செலவுக் கோட்பாடு என இன்று பெயர் பெற்று விளங்குவது இதுவேயாகும்.

இவ்வுதாரணத்தின் எண்கள் விளக்கத்திற்காகக் கற்பனை செய்யப்பட்டவை. ஆயினும் வைனும் துணியும் போர்த்துக்கல்லும் இங்கிலாந்தும் கற்பனையல்ல. றிக்காடோ எழுதுவதற்கு நூறாண்டுகளுக்கு முன்னரே அவ்விரு பண்டங்களும் அவ்விரு நாடுகளுக்கிடையே ஓர் ஒப்பந்தத்தின் கீழ் மாற்றப்பட்டு வந்தன. அந்த வைன் எங்கே, யாரால், எந்நிலையில் ஆக்கப்பட்டது? அதன் பயனை நுகர்ந்தோர் யாவர்? றிக்காடோ குறிப்பிட்ட 80 பேர் உண்மையில் யார்? இவ்வினாக்களுக்கு டூரோப் பள்ளத்தாக்கின் வரலாற்றைத் துணைகொண்டு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நதியும் நிலமும்

ஸ்பெயினின் வடபகுதி மலைகளிற் பிறந்து மேற்கு நோக்கிப் பாயும் நதியொன்று ஸ்பானியரால் டுவேரோ எனவும், எல்லை கடந்தபின் போர்த்துக்கேயரால் டூரோ எனவும் அழைக்கப்படுகின்றது. ஏறத்தாழ 900 கிலோமீற்றர் ஓடி, போர்ட்டோ நகரத்தருகே அத்திலாந்திக் சமுத்திரத்தில் அது கலக்கின்றது. ஆங்கிலேயர் ஒப்போர்ட்டோ என வழங்கிய இந்நகரின் பெயரே போர்ட் வைன் என்னும் பெயருக்கு மூலமாயிற்று. ஆனால் வைன் விளைந்தது நகரிலன்று. நகருக்குக் கிழக்கே, மாறாவ் மலைத்தொடருக்கு அப்பால், ஸ்பானிய எல்லை வரை நீளும் மேல் டூரோப் பிரதேசமே அதன் பிறப்பிடமாகும்.

இப்பிரதேசத்தின் இயற்கை வளமிக்கதன்று. கடற்காற்றின் மழையை மாறாவ் மலைத்தொடர் தடுத்துவிடுகின்றது. ஒன்பது மாதம் குளிர், மூன்று மாதம் நரகம் என்று அப்பகுதி மக்கள் தம் நாட்டைப் பற்றிச் சொல்வதுண்டு. நிலமோ தகடு தகடாகப் பிளக்கும் சிஸ்ட் எனப்படும் பாறை. மண் என்று சொல்லத்தக்கது அங்கு மிகச் சிறிதே. சரிவுகள் செங்குத்தானவை. பாறையை உடைத்து, உடைத்த கல்லைக் கொண்டே தாங்குசுவர் எழுப்பி, அச்சுவர்களுக்குப் பின்னே கற்பொடியை நிரப்பி, படிப்படியாக அமைத்த நிலத்திலேயே முந்திரிகைக் கொடிகள் நடப்பட்டன. பாறைப் பிளவுகளினூடே கொடியின் வேர் பல அடி ஆழத்திற்குச் சென்று ஈரத்தைத் தேடிக்கொள்கின்றது. சாந்து சேர்க்காமற் கட்டப்பட்ட அச்சுவர்கள் மலைகளின் அடியிலிருந்து உச்சிவரை வரிவரியாகச் செல்வதை இன்றும் காணலாம். 2001 ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் இந்நிலக்காட்சியை உலக மரபுரிமையாக ஏற்றுக்கொண்டது.

இயற்கை அளித்த நன்மை எனப் பொருளியல் நூல்கள் கருதுவது இங்கு பெரும்பாலும் மனிதக் கையால் உண்டாக்கப்பட்டதென்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. அக்கைகளிற் பல உள்ளூர்க் கைகளுமல்ல. ஸ்பெயினின் வடமேற்கு மூலையிலுள்ள கலீசியாவிலிருந்து வறிய குடியானவர் ஆண்டுதோறும் கால்நடையாக வந்து பாறை உடைத்தனர், சுவர் கட்டினர், கொடி நட்டனர். அறுவடைக் காலத்தில் அயலிலுள்ள மலைக் கிராமங்களிலிருந்து ஆணும் பெண்ணும் சிறுவருமாகக் கூட்டம் கூட்டமாகத் தொழிலாளர் அழைத்துவரப்பட்டனர். பெண்கள் பழத்தைக் கொய்ய, ஆண்கள் 50 கிலோவுக்கு மேற்பட்ட பாரமுள்ள கூடைகளை முதுகிற் சுமந்து, நெற்றிப் பட்டியால் அதைத் தாங்கி, படிகளில் ஏறியிறங்கினர். இரவில் அதே ஆண்கள் கருங்கல் தொட்டிகளில் இறங்கி, ஒருவர் தோளில் மற்றவர் கைபோட்டு வரிசையாக நின்று, மணிக்கணக்காகப் பழத்தை மிதித்துச் சாறாக்கினர்.

போரும் ஒப்பந்தமும்

ஆங்கிலேயர் முற்காலத்தில் விரும்பிப் பருகியது பிரான்சு நாட்டு வைனையே. அவர்களைப் போர்த்துக்கல் நோக்கித் திருப்பியது சுவையன்று, அரசியலாகும். 1678 ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பாராளுமன்றம் பிரான்சியப் பண்டங்களின் இறக்குமதியைத் தடை செய்தது. 1689 இல் இரு நாடுகளுக்குமிடையே போர் மூண்டபோது பிரான்சிய வைனின் வரவு மீண்டும் தடைப்பட்டது. வணிகர் மாற்று வழி தேடினர். போர்ட்டோவில் ஏற்கெனவே துணியும் உப்பிட்ட மீனும் விற்றுவந்த ஆங்கிலேயர், திரும்பிச் செல்லும் கப்பலை நிரப்புதற்கு ஏற்ற பண்டமாக வைனைக் கண்டுகொண்டனர்.

1703 ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 27 ஆந் திகதி லிஸ்பனிற் கைச்சாத்தான மெதுவென் ஒப்பந்தம் இந்நிலையை நிரந்தரமாக்கிற்று. ஆங்கிலத் தூதுவர் ஜோன் மெதுவெனின் பெயரால் அறியப்படும் இவ்வொப்பந்தம் அளவிற் சிறியது. ஆங்கிலக் கம்பளித் துணியைப் போர்த்துக்கல் தடையின்றி அனுமதிக்கும். போர்த்துக்கேய வைன் மீதான தீர்வையை இங்கிலாந்து பிரான்சிய வைனுக்குரியதிலும் மூன்றிலொரு பங்கு குறைவாக வைத்திருக்கும். சுருங்கக் கூறின் அதன் சாரம் இவ்வளவே.

இவ்வொப்பந்தத்தின் முக்கியத்துவத்தை உணர்வதற்கு அதற்கு முந்திய கால்நூற்றாண்டை நோக்குதல் வேண்டும். 1670 களிலும் 1680 களிலும் எரிசெய்ராப் பிரபு என்னும் அமைச்சரின் வழிகாட்டலிற் போர்த்துக்கல் சொந்த நெசவுத் தொழிலை வளர்க்க முயன்றது. கோவிலியாங் போன்ற மலைநகரங்களிற் கம்பளி ஆலைகள் ஊக்குவிக்கப்பட்டன. அந்நியத் துணி அணிவதைத் தடுக்கும் சட்டங்களும் பிறந்தன. 1690 இல் எரிசெய்ராப் பிரபு தற்கொலை செய்துகொண்டார். அதே பத்தாண்டிற் பிரேசிலின் உட்பகுதியிற் பெருமளவு தங்கம் கண்டுபிடிக்கப்பட்டது. கையிற் பொன் இருக்கையில் துணியை நெய்வதிலும் வாங்குவது எளிதென ஆளும் வர்க்கம் கருதியதில் வியப்பில்லை. ஆகவே போர்த்துக்கேய நெசவின் வீழ்ச்சிக்கு மெதுவென் ஒப்பந்தம் ஒன்றே காரணம் எனக் கூறுதல் பொருந்தாது. தளர்ந்துகொண்டிருந்த முயற்சி மீண்டும் எழாதவாறு அது வழியடைத்தது எனக் கூறுவதே சாலும்.

வைனின் ஏற்றுமதி பெருகிற்று. ஆனால் இறக்குமதியான துணியின் பெறுமதியை வைன் நெடுங்காலம் ஈடு செய்யவில்லை. எஞ்சிய கடனைத் தீர்க்கப் பிரேசில் தங்கம் இலண்டனுக்குச் சென்றது. எனவே றிக்காடோவின் உதாரணத்தில் இரண்டாக இருக்கும் பண்டங்கள் வரலாற்றில் மூன்றாக இருந்தன. துணிக்கும் வைனுக்கும் இடையே நின்ற மூன்றாவது பண்டமாகிய தங்கம், மினாஸ் ஜெராய்ஸ் சுரங்கங்களில் ஆபிரிக்க அடிமைகளால் அகழப்பட்டது. 1776 இல் அடம் சிமித் இவ்வொப்பந்தத்தைத் தம் நூலிற் கண்டித்தார். போர்த்துக்கலுக்குச் சலுகை வழங்கிய இங்கிலாந்து, தன் துணிக்குப் பிற நாடுகளின் துணியிலும் மேலான சலுகை எதையும் பெறவில்லை என்பது அவரது வாதம். ஆங்கிலேய நலனை நோக்கி எழுந்த கண்டனம் அது. போர்த்துக்கேய நலனை நோக்கி எழுந்த கண்டனம் 1841 இல் ஜேர்மனியரான பிரெடரிக் லிஸ்டிடமிருந்து வந்தது. இளங் கைத்தொழில்களுக்குப் பாதுகாப்பு வேண்டும் என வாதிட்ட அவர், போர்த்துக்கலின் கதியை எச்சரிக்கையாக எடுத்துக்காட்டினார்.

பொம்பாலின் கம்பனி

வைன் பெருகியபோது கலப்படமும் பெருகிற்று. தேவை கூடிய ஆண்டுகளிற் கண்ட இடமெல்லாம் கொடி நடப்பட்டது. நிறம் குறைந்த வைனுக்கு எல்டர் எனப்படும் கருநிறச் சிறு பழத்தின் சாறு ஊட்டப்பட்டது. 1750 களில் விலை வீழ்ந்தது. 1754 ஆம் ஆண்டிற் போர்ட்டோவின் ஆங்கில வணிகர் சங்கம் இடைத்தரகருக்கு எழுதிய கடிதத்தில் குற்றம் முழுவதையும் விவசாயிகள் மேற் சுமத்திற்று. விலை பேசுவோரும் கலவை கேட்போரும் வணிகரே என விவசாயிகள் தரப்பு பதிலிறுத்தது. இருபக்கக் குற்றச்சாட்டிலும் உண்மை இருந்தது. ஆனால் விலையைத் தீர்மானிக்கும் வலிமை ஒரு பக்கத்திடமே இருந்தது.

இவ்வேளையில் போர்த்துக்கலின் அதிகாரம் முழுவதையும் தன் கையிற் கொண்டிருந்தவர், பிற்காலத்திற் பொம்பால் பிரபு எனப் பட்டம் பெற்ற செபஸ்தியாவ் கார்வாலோ ஆவார். 1755 ஆம் ஆண்டு நவெம்பர் முதலாந் திகதி லிஸ்பனைச் சிதைத்த பூமியதிர்ச்சியின் பின்னர் நாட்டை மீளக் கட்டியெழுப்பியவர் அவரே. டூரோ நிலவுடைமையாளரின் வேண்டுகோளை டொமினிக்கன் சபைத் துறவி மன்சிலியா அவரிடம் கொண்டு சென்றார். 1756 செப்டெம்பர் 10 ஆந் திகதி மேல் டூரோ முந்திரிகை வேளாண்மைக் கம்பனி அரச சாசனம் பெற்று உதயமாயிற்று.

கம்பனியின் அதிகாரம் விரிந்தது. ஏற்றுமதிக்குரிய தரமான வைன் எந்நிலத்தில் விளையலாம் என்பதை அதுவே வரையறுத்தது. 1758 முதல் 1761 வரை முந்நூற்றுக்கும் மேற்பட்ட கருங்கல் எல்லைக்கற்கள் நாட்டப்பட்டன. விலைக்கு மேலெல்லையும் கீழெல்லையும் விதிக்கப்பட்டன. எல்டர் மரங்களை வேரோடு பிடுங்குமாறு கட்டளை பிறந்தது. பிரேசிலுக்கான வைன் வர்த்தகமும் பிராந்தி வடித்தலும் கம்பனியின் தனியுரிமையாயின. இத்தாலியின் கியாந்திப் பிரதேசத்தில் 1716 இலேயே வைன் எல்லை வகுக்கப்பட்டதாயினும், எல்லை, விலை, தரம், ஏற்றுமதி ஆகிய யாவற்றையும் ஒருங்கே ஆண்ட நிறுவனமொன்று டூரோவிலேயே முதன்முதல் தோன்றிற்று எனலாம்.

பொம்பாலின் நடவடிக்கையை அந்நிய வணிகருக்கெதிரான தேசிய எழுச்சியாகக் காண்போர் உளர். அது பாதி உண்மையே. போர்ட்டோ நகரிலும் சுற்றுப்புறங்களிலும் தவறணைகளுக்குச் சில்லறையாக வைன் விற்கும் உரிமையும் கம்பனிக்கே வழங்கப்பட்டது. சிறு தவறணைக்காரர் தொழிலிழந்தனர். ஏழை மக்களின் அன்றாடப் பானம் விலையேறிற்று. 1757 பெப்ரவரி 23 ஆந் திகதி, விபூதிப் புதனன்று, நகர மக்கள் வீதியில் இறங்கினர். கம்பனி ஒழிக என்பது அவர்களின் குரல். கூட்டத்திற் பெண்களும் பெருந்தொகையாக இருந்தனர். குடிகாரரின் கலகம் எனப் பின்னர் இகழ்ச்சியாக அது பெயரிடப்பட்டது. பொம்பால் அதனை அரசத் துரோகமாகக் கருதினார். நகருட் படை குவிக்கப்பட்டது. விசாரணை மாதக்கணக்கில் நீண்டது. முடிவிற் பெண்கள் உட்படப் பலருக்கு மரணதண்டனை விதிக்கப்பட்டது. தூக்கிலிடப்பட்டோரின் உடல்கள் மக்கள் காணுமாறு வைக்கப்பட்டன.

எல்லைக்கற்கள் பாதுகாத்தது யாரை என்ற வினா இங்கு எழுகின்றது. எல்லைக்குள் நிலம் வைத்திருந்த பிரபுக்களும் துறவி மடங்களும் பயன்பெற்றனர். எல்லைக்கு வெளியே நின்ற சிறு விவசாயி சந்தையை இழந்தான். நகர ஏழை தன் கோப்பையை இழந்தான். கூடை சுமந்தவனின் கூலியைப் பற்றி ஆங்கில வணிகரைப் போன்றே கம்பனியும் கவலைப்படவில்லை.

பிராந்தி சேர்ந்த வரலாறு

போர்ட் வைனின் இனிமையும் வீரியமும் அதன் ஆக்கமுறையில் அடங்கியுள்ளன. முந்திரிகைச் சாற்றிலுள்ள வெல்லத்தை மதுவம் அற்ககோலாக மாற்றுவதே நொதித்தலாகும். வெல்லத்தின் பாதி எஞ்சியிருக்கையிலேயே வீரியமிக்க முந்திரிகைப் பிராந்தியைச் சாற்றுடன் சேர்த்தால் மதுவம் இறந்து நொதித்தல் நின்றுவிடும். எஞ்சிய வெல்லம் இனிப்பைத் தர, சேர்ந்த பிராந்தி வீரியத்தை ஏறத்தாழ 20 சதவீதத்திற்கு உயர்த்துகின்றது. தொடக்கத்திற் கடற்பயணத்தில் வைன் கெடாதிருப்பதற்காகச் சிறிதளவே பிராந்தி சேர்க்கப்பட்டது. பதினெட்டாம் நூற்றாண்டில் அளவு கூடிக்கொண்டே சென்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியளவில் நொதித்தலை இடைநிறுத்தும் முறை பொது வழக்காயிற்று.

இவ்வழக்கை எதிர்த்த குரல் ஓர் ஆங்கில வணிகரிடமிருந்தே எழுந்தமை சுவையான செய்தியாகும். 1809 இற் பிறந்த ஜோசப் ஜேம்ஸ் பொரெஸ்ரர் இளமையிலேயே போர்ட்டோவுக்கு வந்தவர். நதியின் போக்கை அளந்து படம் வரைந்த அவர் 1844 இல் வெளியிட்ட சிறு பிரசுரத்தில் கலப்படத்தையும் பிராந்திச் சேர்க்கையையும் கடுமையாகச் சாடினார். சக வணிகர் வெகுண்டனர். போர்த்துக்கேய அரசோ அவருக்குப் பரன் பட்டம் அளித்துக் கௌரவித்தது. 1861 ஆம் ஆண்டு மே மாதம் வலெய்ரா எனுமிடத்தில் நீர்ச்சுழியிற் படகு கவிழ்ந்து அவர் மாண்டார். அவரது உடல் கிடைக்கவேயில்லை. அதே படகிற் சென்று உயிர் தப்பியவர் டோனா அன்டோனியா பெரெய்ரா. அவர் அணிந்திருந்த அகன்ற பாவாடை அவரை மிதக்க வைத்தது என்பது இன்றும் வழங்கும் கதை. 1811 முதல் 1896 வரை வாழ்ந்த இவ்வம்மையார், விதவையான பின் குடும்ப வணிகத்தைத் தாமே நடத்திப் பல பெருந்தோட்டங்களுக்கு உரிமையாளரானார். ஆங்கிலப் பெயர்களே மேலோங்கிய தொழிலிற் போர்த்துக்கேயப் பெண்ணொருவர் பெற்ற உயர்வு குறிப்பிடத்தக்கது.

மலையும் பண்டகசாலையும்

மேல் டூரோவில் ஆக்கப்பட்ட வைன் அங்கேயே தங்கவில்லை. வசந்த காலத்திற் பீப்பாக்களில் நிரப்பப்பட்டு, தட்டையான அடியும் நீண்ட திருப்புத்துடுப்பும் கொண்ட றபேலோப் படகுகளில் ஏற்றப்பட்டு, பாறைகளும் சுழிகளும் நிறைந்த நதிவழியே கீழிறங்கிற்று. போர்ட்டோவுக்கு எதிர்க்கரையிலுள்ள கையா நகரின் குளிர்ந்த பண்டகசாலைகளில் அது ஆண்டுக்கணக்கில் முதிர்ந்தது. புகையிரதப் பாதை 1887 இல் எல்லையை எட்டியபின் படகுகள் படிப்படியாகக் குறைந்து, 1960 களில் மறைந்தன. அணைக்கட்டுகள் நதியையே ஏரித் தொடராக மாற்றிவிட்டன.

கையாவின் சுவர்களிற் காணப்படும் பெயர்கள் ஒரு சமூக வரலாற்றைக் கூறுகின்றன. வொர், ரெய்லர், குறொப்ற், சான்டமன் முதலியன ஆங்கிலேய, ஸ்கொத்லாந்துக் குடும்பங்கள். கொப்கே ஜேர்மானிய மரபினது. 1785 க்கும் 1790 க்கும் இடையே போர்ட்டோவிற் கட்டப்பட்ட ஆங்கில வணிகர் மன்றம் இன்றும் நிலைத்துள்ளது. மலையில் உழைப்பும் ஆபத்தும், நதிமுகத்தில் முதலும் அறிவும், இலண்டனில் விலையும் சுவையும் என மூன்று படிகளில் இத்தொழில் அமைந்தது. வறட்சியும் ஆலங்கட்டி மழையும் விவசாயியின் நட்டம். வைன் முதிர முதிர ஏறும் பெறுமதி பண்டகசாலை உடையவரின் இலாபம்.

இங்கு றிக்காடோவின் மற்றொரு கருத்தை நினைவுகூர்தல் தகும். முதல் நாடுவிட்டு நாடு எளிதிற் செல்லாது என்ற எடுகோளின் மீதே அவரது கோட்பாடு நிற்கின்றது. சொத்துடையோர் தாய்நாட்டைவிட்டு அகலத் தயங்குவர் எனவும், அவ்வுணர்வு தளர்வதைத் தாம் விரும்பவில்லையெனவும் அவர் எழுதினார். ஆனால் அவர் எடுத்துக்கொண்ட வைனிலேயே ஆங்கில முதல் ஒரு நூற்றாண்டுக்கு மேலாகப் போர்த்துக்கேய மண்ணிற் குடியேறி நிலைபெற்றிருந்தது. உதாரணம் தன் எடுகோளைத் தானே மறுத்து நிற்கும் விந்தை இதுவாகும்.

கொடியை அழித்த பூச்சி

1860 களில் வட அமெரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட கொடிகளுடன் பிலொக்சேரா எனும் நுண்பூச்சி ஐரோப்பாவை அடைந்தது. வேரைத் துளைத்துச் சாற்றை உறிஞ்சும் இப்பூச்சி, கொடியை வெளியிற் காரணம் தெரியாது வாடவைத்தது. 1868 இற் பிரான்சிய அறிஞர் பிளாஞ்சோன் முதலானோர் அதனை இனங்கண்டனர். அப்பத்தாண்டு முடியுமுன்பே டூரோவிலும் அது தலைகாட்டிற்று. அமெரிக்கக் கொடியின் வேர் பூச்சியைத் தாங்கவல்லது என்பது கண்டறியப்பட்டு, அதன் வேர்த்தண்டில் ஐரோப்பியக் கொடியை ஒட்டுவதே இறுதியிற் பரிகாரமாயிற்று. நோயும் மருந்தும் ஒரே நாட்டிலிருந்து வந்தன.

பெருந்தோட்டக்காரர் மீண்டும் நட்டனர். மீள நடுதற்குப் பணமில்லாத சிறு உடைமையாளர் நிலத்தை விற்றனர் அல்லது விட்டகன்றனர். பலர் பிரேசிலுக்குக் கப்பலேறினர். கைவிடப்பட்ட படிநிலங்கள் புதர் மண்டிக் கிடந்தன. இறந்த நிலம் எனப் பொருள்படும் பெயரால் அம்மக்கள் அவற்றை அழைக்கலாயினர். அவற்றின் சிதைந்த சுவர்களை மலைச்சரிவுகளில் இன்றும் காணலாம்.

ஸ்பெயின் தரும் ஒப்புமை

டூரோவின் அனுபவம் தனித்ததன்று என்பதற்கு ஸ்பெயினின் இரு பிரதேசங்கள் சான்றாகும். தெற்கே அண்டலூசியாவிலுள்ள ஹெரெஸ் நகரின் பெயரே ஆங்கிலேயர் வாயிற் செரி எனத் திரிந்தது. 1587 இற் காடிஸ் துறைமுகத்தைத் தாக்கிய டிரேக் ஆயிரக்கணக்கான பீப்பா வைனைக் கவர்ந்து சென்றமை அப்பானத்தின் புகழை இங்கிலாந்தில் வளர்த்தது. பீப்பாக்களை அடுக்கி, பழைய வைனிற் சிறு பகுதியை எடுத்து, அவ்விடத்தைச் சற்று இளைய வைனால் நிரப்பி, ஆண்டுகளைக் கலந்துகொண்டே செல்லும் சொலேரா முறை இந்நகருக்குரியது. தேவாலயங்களை நிகர்த்த உயர்ந்த களஞ்சியங்களுக்கு வெளியே நிலமற்ற கூலிகள் வாழ்ந்தனர். 1892 யனவரியில் அக்கூலிகள் நூற்றுக்கணக்கில் ஹெரெஸ் நகருள் இரவிற் புகுந்தனர். அடுத்த மாதம் நால்வர் கழுத்து நெரித்துக் கொல்லும் பொறியினால் மரணதண்டனைக்குள்ளாயினர். இந்நகரின் வாழ்வைப் பகைப்புலமாகக் கொண்டு பிளாஸ்கோ இபானியெஸ் 1905 இல் நாவலொன்றை எழுதினார்.

வடக்கே றியோஹாவின் கதை வேறுபட்டது. பிரான்சின் தோட்டங்களைப் பிலொக்சேரா அழித்தபோது போர்தோ வணிகர் எல்லை கடந்து வந்து, ஹாறோ நகரின் புகையிரத நிலையத்தருகே வைன் வாங்கினர். அவர்களது நுட்பமும் ஓக் மரப் பீப்பாவும் அங்கு வேரூன்றின. 1850 களில் எழுந்த றிஸ்கால், முறியெற்றா ஆகிய பிரபுக்களின் மனைகளுக்குப்பின் 1877 இல் லொபெஸ் டி எறேடியா போன்ற இல்லங்கள் தோன்றின. நூற்றாண்டு திரும்பும் வேளையிற் பூச்சி றியோஹாவையும் பிடித்தது. எனினும் அங்கு வைனின் முதிர்ச்சியும் பெயரும் விளைநிலத்தருகே தங்கிவிட்டன. டூரோ விவசாயிக்கு அந்நிலை வாய்ப்பதற்கு மேலும் நூறாண்டு சென்றது.

இருபதாம் நூற்றாண்டு

பொம்பாலின் கம்பனி 1834 இல் தனியுரிமைகளை இழந்து, சிறிது மீண்டு, பின் முற்றாக அதிகாரம் நீங்கிற்று. இங்கிலாந்தும் 1831 இல் வைன் தீர்வைகளைச் சமப்படுத்தி மெதுவென் சலுகையைக் கைவிட்டது. கட்டுப்பாடற்ற பல பத்தாண்டுகளின் பின், 1907 இல் டூரோ எல்லை மீண்டும் சட்டமாயிற்று. 1914 இற் பிரித்தானியாவுடன் செய்யப்பட்ட ஒப்பந்தம் போர்ட் எனும் பெயரைப் போர்த்துக்கல் வைனுக்கு உரித்தாக்கிற்று. ஆனால் அது டூரோவைக் குறிப்பிடவில்லை. நாட்டின் எப்பாகத்து வைனும் போர்ட் ஆகலாம் என்ற அச்சம் மலைக் கிராமங்களைக் கொதிக்கச் செய்தது. 1915 யூலை மாதம் லமேகோ நகரில் ஊர்வலமாக வந்த விவசாயிகள் மீது படையினர் சுட்டதிற் பலர் உயிரிழந்தனர். ஒரு பெயரின் பொருளுக்காக மாந்தர் உயிர் துறந்தமை வைன் வரலாற்றில் மறக்கற்பாலதன்று.

சலசாரின் ஆட்சி 1932 இல் விவசாயிகளுக்கென டூரோ இல்லத்தையும், 1933 இற் போர்ட் வைன் நிறுவகத்தையும் ஏற்றுமதியாளர் சங்கத்தையும் அமைத்தது. ஒவ்வொரு தோட்டமும் மண், சரிவு, உயரம், கொடியின் வயது முதலியவற்றுக்குப் புள்ளியிடப்பட்டுத் தரப்படுத்தப்பட்டது. ஆண்டுதோறும் எவ்வளவு போர்ட் ஆக்கலாம் என்ற பங்கும் அத்தரத்திற்கேற்ப வழங்கப்பட்டது. விலைச் சரிவிலிருந்து விவசாயியை அது ஓரளவு காத்தது உண்மையே. ஆயினும் கையாவிலிருந்தே ஏற்றுமதி செய்யவேண்டும் என்ற விதி நீடித்ததால், தன் வைனைத் தன் பெயரில் உலகுக்கு அனுப்பும் உரிமை மலைநாட்டானுக்கு எட்டவில்லை. அல்வெஸ் றெடோல் 1949 முதல் 1953 வரை எழுதிய மூன்று நாவல்களும், மிகுவெல் ரோர்காவின் 1945 ஆம் ஆண்டு அறுவடை நாவலும் இம்மக்களின் துயரை இலக்கியமாக்கின.

மாற்றத்தின் முதல் அடையாளம் பெரெய்ரா இல்லத்திலேயே தோன்றிற்று. பிராந்தி சேராத உயர்தர வைனை டூரோவிலே ஆக்கலாம் எனப் பெர்னாண்டோ நிக்கொலாவ் டி அல்மெய்டா துணிந்தார். குளிரூட்டும் வசதியற்ற மலையில், பனிக்கட்டியைத் தொலைவிலிருந்து வரவழைத்து நொதித்தலின் வெப்பத்தை அடக்கி, 1952 இல் பார்க்கா வெலியா எனும் வைனை அவர் ஆக்கினார். ஒரு நூற்றாண்டுக்கு முன் பொரெஸ்ரர் வேண்டிநின்ற உலர் வைன் இவ்வாறு மெய்யாயிற்று. போர்த்துக்கல்லும் ஸ்பெயினும் ஐரோப்பியப் பொருளாதார சமூகத்திற் சேர்ந்த 1986 ஆம் ஆண்டிலேயே, கையாவைத் தவிர்த்துத் தோட்டத்திலிருந்து நேரே ஏற்றுமதி செய்யும் உரிமையும் டூரோவுக்குக் கிடைத்தது. மெதுவென் ஒப்பந்தத்திற்கு 283 ஆண்டுகளின் பின் அது நிகழ்ந்தது.

முடிவுரை

தமிழில் இன்று வழங்கும் பீப்பா எனும் சொல், வைன் நிறைக்கும் பெருங்கலத்தைக் குறிக்கும் பீப்பா எனும் போர்த்துக்கேயச் சொல்லேயாகும். டூரோவில் அது கலத்தின் பெயர் மாத்திரமன்று. ஏறத்தாழ 550 லீற்றர் கொண்ட அளவையின் பெயருமாகும். தோட்டத்தின் மதிப்பும் விவசாயியின் கடனும் நாட்டின் ஏற்றுமதியும் பீப்பாவினாலேயே எண்ணப்பட்டன. கடல் கடந்து நம் மொழியில் வந்து சேர்ந்த அச்சொல்லின் பின்னே, சேராத செய்திகள் பல உள்ளன.

றிக்காடோவின் 80 பேரை இப்போது ஓரளவு இனங்காண முடிகின்றது. அவர்கள் பாறை உடைத்த கலீசியர். நெற்றிப் பட்டியிற் கூடை சுமந்தோர். நள்ளிரவிற் கருங்கல் தொட்டியில் மிதித்தோர். சுழியிற் படகு செலுத்தியோர். கணக்கில் அவர்கள் தொகையாக நின்றனர், விலை பேசும் மேசையில் இடம்பெறவில்லை. வர்த்தகத்தால் இரு நாடுகளும் நன்மையடையும் என்ற முடிபு தருக்கத்திற் பிழையற்றதாக இருக்கலாம். நாடு என்னும் சொல்லுள் யார் யார் அடங்குவர் என்பதை அத்தருக்கம் கேட்பதில்லை. அதனைக் கேட்பது வரலாற்றின் கடமையாகும். போர், ஒப்பந்தம், தங்கம், அரசாணை, பூச்சி ஆகியவற்றால் உருவாகி நிலைபெற்ற ஒன்றை இயற்கையின் கொடை என எழுதிவிட்டால், அதனை உருவாக்கிய கைகளும் அதனை மாற்றக்கூடிய கைகளும் ஒருங்கே மறைந்துவிடுகின்றன. சாந்தின்றி நிற்கும் டூரோவின் கற்சுவர்கள் அக்கைகளுக்கு இன்றும் சாட்சியாக உள்ளன.